குறிப்புப் பத்தி

மரியே வாழ்க

திருக்காட்டுப்பள்ளி,
10.6.2007

அன்புத் தம்பி ஆன்டோவுக்கு, அக்கா எழுதுவது.

அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் உடம்பைப் பற்றி எப்போது கேட்டாலும் போனில் ஒரே பதிலைச் சொல்கிறாய், அதனால் நான் நம்புவதில்லை. விவரமாக எழுது. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. போர்வெல் மோட்டாரை ஓயாமல் ஓட்டி எரித்துவிட்டு, காயில் கட்ட அத்தான் கடைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். ஊரில் அவர் ஒருவர்தான் சந்தோஷமாக இருக்கிறார்.

நீ அனுப்பிய சி.டி. வந்து சேர்ந்தது. தலைமையாசிரியரிடம் சாவி வாங்கி, நேற்று மதியம் ஜெனிட்டாவுடன் எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் போட்டுப் பார்த்தேன். என் தம்பி மாண்ட்ரீலில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறான் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செய்ததைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஒரு ஆள் ஆற்றங்கரையில் நடந்து போகிறான். தண்ணீரில் நிற்கும் அளவுக் கல்லைப் பார்க்கிறான். திரும்பி வருகிறான். திரையில் ஓர் எண்ணும் அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரியும் வருகின்றன. மறுநாள் மறுபடியும் போகிறான். ஜெனிட்டா கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? இதுல ஒண்ணுமே நடக்கலையேம்மா" என்றாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் எழுந்து போகவில்லை. முடியும்வரை விளையாடினாள்.

ஒரு குடை மிதந்து போனது. அளவுக் கல்லில் தவளை, இறங்கவில்லை. அக்கரையில் யாரோ கூப்பிட்டார்கள், எங்களை இல்லை. அந்த வரிகளெல்லாம் உனக்கு இன்னும் நினைவிருக்கிறதா? அப்போது உனக்கு எட்டு வயது.

கடைசியில் 'இன்று பதில் எழுதவில்லை' என்று வந்து திரை வெள்ளையாகிவிட்டது. "யாருக்கும்மா பதில்?" என்று ஜெனிட்டா கேட்டாள். நேரமாகிவிட்டது, சாவியைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அணைக்கச் சொன்னேன்.

நன்றாகச் செய்திருக்கிறாய். பூண்டி மாதாவிடம் உன் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

உன் அக்கா,
விண்ணரசி


மாண்ட்ரீல்,
3.7.2007

அன்புள்ள அக்காவுக்கு,

விவரமாகவே சொல்கிறேன். எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. முதுகுவலி உண்டு. கண்ணாடி மாற்றியிருக்கிறேன். மற்றபடி நலம். அப்பா, அத்தான், ஜெனிட்டா மூன்று பேரையும் கேட்டதாகச் சொல்.

ஜெனிட்டா சொன்னதைத்தான் இங்கே பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பாதிப் பேர் அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். முழு விளையாட்டிலும் மொத்தம் நாற்பத்தொரு வார்த்தைகள் என்று ஒருவர் எண்ணிப் போட்டிருந்தார். இவ்வளவு குறைவாகச் சொல்லி ஒரு கதையைக் கொண்டுபோக எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்காத ஆள் இல்லை. என் அப்பாவிடம் என்று சொல்கிறேன்.

நினைவில்லாமல் எப்படி இருக்கும்? மதகடி குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் அளவு எழுதும் அந்தக் கச்சாப் புத்தகங்கள் கிடக்கும். பள்ளிக்கூடப் பாடத்தைவிட அவற்றைத்தான் நான் அதிகம் படித்தேன். அப்பா ஆற்றிலிருந்து வந்து கொல்லையில் கால் கழுவிக்கொண்டே சொல்வார். நீ அடுப்புப் பக்கம் உட்கார்ந்து எழுதுவாய். அது கண்ணிலேயே நிற்கிறது. அவர் எழுத்துத் தெரியாத லஸ்கர். ஷட்டரைத் தூக்கி இறக்குவதும், காலையும் மாலையும் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துச் சொல்வதும்தான் வேலை. அந்த மனிதர் மகளிடம் 'ஒரு குடை மிதந்து போனது' என்று சொல்லி எழுதவைத்திருக்கிறார். வீட்டில் நம்மிடம் பேசாததை எல்லாம் அளவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் குறிப்புப் பத்தியில் பேசியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

'பதில்' வரிக்கு இங்கே ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். மேலதிகாரி கொடுத்த ஏதோ மெமோவுக்கு அப்பா பதில் கொடுக்காத நாள் என்று நான் நினைத்திருக்கிறேன். சரிதானே?

இப்போது ஒரு பெரிய கம்பெனி என் அடுத்த விளையாட்டை எடுக்கிறது. இதில் குரலும் உண்டு. அந்த வரிகளை அப்பாவே தமிழில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வரி போதும். டிசம்பருக்குள் கிடைக்க வேண்டும். பழைய புத்தகங்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்றும் பார். போனில் கேட்டிருப்பேன். அப்பா பக்கத்தில் இருந்தால் நீ 'உம்' தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

தம்பி,
ஆன்டோ


மரியே வாழ்க

திருக்காட்டுப்பள்ளி,
29.7.2007

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகுவலிக்கு நாற்காலியை மாற்று, மாத்திரை போடாதே. நாங்கள் நலம்.

நீ சொல்வது சரி, போனில் எதுவும் பேச முடியாது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அங்கே நீ 'சாப்பிட்டேன்' என்றால் இங்கே 'என்ன சாப்பிட்டானாம்' என்கிறார்.

ஒருவழியாகக் குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா தினமும் பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இப்போது இருக்கிற லஸ்கர் ஷட்டர் திருகுக்குக் கிரீஸ் வைக்கவில்லை என்று வைகிறார். ரிட்டயராகிப் பதினாறு வருஷம் ஆகிறது. அந்தப் பையன் பாவம், "வாங்கய்யா, உக்காருங்கய்யா" என்று மரியாதையாகத்தான் பேசுகிறான்.

புத்தகங்களைப் பார்த்தேன். இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. நான்கு தேறும். அப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, குரல் சரியில்லை. அப்பா குரல்தான் வேண்டுமா? எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா ஒருவர் நன்றாக வாசிப்பார், வானொலியில்கூடப் பேசியிருக்கிறார். யோசித்துப் பார்.

மெமோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு நினைவில்லை.

அக்கா


மாண்ட்ரீல்,
20.8.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்காலியை மாற்றிவிட்டேன். அப்பாவின் சளி எப்படி இருக்கிறது?

தமிழய்யா வேண்டாம். நன்றாக வாசிக்கிற குரல் எனக்கு இங்கேயே கிடைக்கும். மே மாதம் ஒரு பெரிய அரங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். அறுநூறு பேர் இருப்பார்கள். நான் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை. எழுதத் தெரியாத என் அப்பாவைப் பற்றியும், அவர் ஈரக் காலோடு நின்று சொன்ன வரிகளைப் பற்றியும்தான் பேசினேன். முடிந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். கம்பெனிக்காரர்கள் மறுநாளே கூப்பிட்டார்கள். அவர்கள் வாங்கியிருப்பது என்னுடைய விளையாட்டை இல்லை அக்கா, அப்பாவை. ஒப்பந்தத்திலேயே அவர் பெயர் இருக்கிறது.

நாகப்பட்டினத்துப் பாசித் என்னோடு வேலை பார்க்கிறான். ரமலானுக்கு ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு சின்ன ரெக்கார்டர் கொடுத்திருக்கிறேன், கூரியரில் அனுப்புவான். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். அப்பாவை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. நீ முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தால் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

ஆன்டோ


மரியே வாழ்க

திருக்காட்டுப்பள்ளி,
30.9.2007

அன்புத் தம்பிக்கு,

சுகம். சளி போய்விட்டது. ரெக்கார்டர் பத்திரமாக வந்தது. பாசித் கூடவே ஒரு டப்பா பேரீச்சம்பழமும் வைத்திருந்தார், நன்றி சொல்.

பதிவு செய்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்காதே. சிவப்பு விளக்கு எரிந்ததும் அப்பா துண்டைத் தோளில் இருந்து இறக்கிவிட்டு, செக்‌ஷன் ஆபீசர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். பெயர், ஊர், எந்த வருஷம் வேலையில் சேர்ந்தார், எத்தனை ஷட்டர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை திருகு, எல்லாம் சொல்லியிருக்கிறார். பிறகு, "இன்னும் என்ன சொல்லணும், சொல்லு பாப்பா" என்றார். நீ கேட்ட வரிகளைச் சொன்னேன்.

அந்த வரிகள் அவருக்கு நினைவில்லை. எழுபத்துநான்கு வயதாகிறது, மறந்துவிட்டது போலிருக்கிறது. வற்புறுத்த மனம் வரவில்லை.

ஜெனிட்டாவுக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்தது. கணக்கில் எண்பத்தொன்று.

அக்கா


மாண்ட்ரீல்,
18.10.2007

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஷட்டர் திருகு எத்தனை என்று சொல்கிறவருக்கு அவரே சொன்ன வரி மறந்துவிடுமா? இங்கே ஒரு டாக்டர் நண்பரிடம் கேட்டேன். மறதி நோய் அப்படித்தான் தொடங்குமாம், ஒரு பக்கம் அப்படியே இருக்க இன்னொரு பக்கம் அழிந்துகொண்டே போகுமாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோது நீ கோயிலுக்குப் போயிருந்தாய். அப்பாதான் எடுத்தார். "குடை ஞாபகம் இருக்காப்பா, ஆத்துல போச்சே" என்றேன். "உங்க அத்தான் குடையா? ஆணியிலதான் மாட்டிருக்கு" என்றார்.

தஞ்சாவூரில் நல்ல நரம்பு டாக்டராகப் பார்த்து ஸ்கேன் எடு. செலவை நினைக்காதே. தள்ளிப்போடாதே. எனக்கு இப்போது விளையாட்டெல்லாம் இரண்டாம்பட்சம். அவருக்கு இன்னும் மிச்சம் இருக்கிற வரிகளை மட்டும் கேட்டு எழுதி வை.

ஆன்டோ


மரியே வாழ்க

திருக்காட்டுப்பள்ளி,
11.11.2007

ஆன்டோவுக்கு அப்பா அருள்சாமி சொல்றது. நான் சொல்லச் சொல்ல அரசி எழுதுது.

நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். மண்டையில ஒண்ணும் இல்ல. தஞ்சாவூர்ல குழாய்க்குள்ள படுக்க வச்சுப் படம் எடுத்தாங்க. டாக்டரு, "பெரியவரே, இன்னிக்கி என்ன கிழமை, இது என்ன மாசம்"னு கேட்டாரு. சொன்னேன். "மேட்டூர்ல இன்னிக்கி எத்தன அடி நிக்குது, நீங்க சொல்லுங்க"ன்னு நான் கேட்டேன். அவருக்குத் தெரியல. வயசுக்கு எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

எதுக்கு இந்தச் செலவுன்னு திரும்பி வரும்போது அரசியக் கேட்டேன். பூதலூர் ரயில்வே கேட்டுல பஸ்ஸு அரை மணி நேரம் நின்னுச்சு. அங்கதான் வாயத் தொறந்துச்சு. அழுவுச்சு. இத எழுதாம விடப் பாக்குது, எழுதுன்னு சொல்லிட்டேன்.

நீ ஒண்ணு தெரிஞ்சுக்க. நான் சொன்னது அளவு மட்டும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுக்கு மேல ஒரு வார்த்த நான் சொன்னதில்ல. குடை போனத நான் பாக்கல. தவளையப் பாத்திருந்தா தொரத்தி விட்டிருப்பேன், நம்பர் தெரியாம கல்ல மறைக்கும். அதெல்லாம் உங்க அக்கா தானா எழுதுனது. அப்புடி ஒரு பத்தி இருக்குறதே எனக்கு இப்பத்தான் தெரியும். அஞ்சு வருஷம் அரசாங்க வேலைப் புஸ்தகத்துல அது இஷ்டத்துக்கு எழுதியிருக்கு. ஒர்க் இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டிருந்தா எனக்குல்ல மெமோ வந்திருக்கும்? என் சர்வீஸ்ல மெமோவே வந்ததில்ல. அதயும் தெரிஞ்சுக்க.

முந்தாநாளு எல்லாத்தயும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. நான் ஆத்துக்குப் போயி அளவ மட்டும் பாத்துட்டு வந்திருக்கேன். இது வூட்டுக்குள்ள ஒக்காந்துகிட்டு ஆத்தப் பாத்திருக்கு.

நான் சொல்லாதத நான் சொன்னேன்னு நீ பேச வேணாம். அந்தக் கூட்டத்துல பேசுனது பேசுனதா இருக்கட்டும். இனிமே வேணாம்.

ஒரு நாளு பதில் எழுதலன்னு இருக்கு. அது என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. நீ கேளு.

குளிருக்குக் காதுல துணி கட்டிக்க.

அப்பா

குறிப்பு: அப்பா சொன்னதில் ஒரு வார்த்தையும் விடவில்லை, சேர்க்கவில்லை.


மரியே வாழ்க

திருக்காட்டுப்பள்ளி,
6.1.2008

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் போய்விட்டது, புது வருஷமும் பிறந்துவிட்டது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை, போனும் இல்லை. பாசித்தின் வீட்டு நம்பர் இருந்தது, கூப்பிட்டு விசாரித்தேன். நீ வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாய் என்று சொன்னார்கள். அது போதும் என்று இருந்தேன்.

நான் செய்ததில் ஒன்றுதான் பெரிய தப்பு. அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று எழுதினேன். இருபது வருஷத்துக்கு முன்னால் எத்தனை திருகு தூக்கினார் என்று சொல்கிற மனிதரை, என் வாயைத் திறக்காமல் இருப்பதற்காக நோயாளி ஆக்கினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடமும் கேட்கிறேன்.

மற்றதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா இருந்தவரை குறிப்புப் பத்தியில் 'இல்லை' என்றுதான் எழுதிவந்தேன். அம்மா போனது 86 பிப்ரவரியில். ஜூலையில் ஆற்றில் தண்ணீர் விட்டபோது, முதல் நாள் அப்பா அளவைச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கொல்லைக் கதவு வழியாக ஆறு தெரிந்தது. கண்ணில் பட்டதை எழுதினேன். சனிக்கிழமைதோறும் ஒர்க் இன்ஸ்பெக்டர் வந்து எண்களை மட்டும் ஆபீஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவார். மற்றதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அது பிடித்திருந்தது. கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு நீ படிப்பாய் என்று நினைக்கவில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்கலாம். அறுநூறு பேர் முன்னால் நீ பேசினாய் என்று கேட்டபிறகு இன்னும் கஷ்டமாகிவிட்டது. அப்பாவைப் பற்றி நீ அப்படிப் பேசினாய் என்பதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. அது பொய் இல்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது.

அக்கா


மாண்ட்ரீல்,
9.2.2008

அக்கா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோபமாகத்தான் இருந்தேன், ஆனால் உன்மேல் என்று சொல்ல முடியவில்லை. அப்பாவின் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு நான் பேசிய பேச்சின் வீடியோவைப் பார்த்தேன். ஈரக் கால், கொல்லைப்புறம், மௌனமான மனிதர். எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறேன்! அந்தப் படத்தில் அடுப்புப் பக்கம் ஒருத்தி பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளை நான் எழுதுகோல் மாதிரிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட, இது நீ எழுதியதா என்று உன்னைக் கேட்கத் தோன்றவில்லை.

கம்பெனியிடம் சொன்னேன். வேலையை நிறுத்திவைத்தார்கள். டிசம்பர் தேதி போயே போய்விட்டது. பாசித்தான், "உங்க அக்காதான் எழுதுனாங்கன்னா அது இன்னும் நல்ல கதைடா" என்றான். அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை. கதையாக்கி விற்றதுதான் தப்பு, மறுபடியும் இன்னொரு கதையா என்று இருந்தது.

அப்பா கேட்கச் சொன்னார். கேட்கிறேன். யாருக்குப் பதில் எழுதவில்லை?

ஆன்டோ


மரியே வாழ்க

திருக்காட்டுப்பள்ளி,
9.3.2008

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பா, "உறை கனமா இருக்கா, லேசா இருக்கா" என்று கேட்டார். லேசுதான் என்றேன். "அப்ப சரியாத்தான் எழுதியிருப்பான்" என்றார். எல்லோரும் சுகம். ஜெனிட்டாவுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது, வீட்டில் டி.வி. கிடையாது.

நீ கேட்டதைச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

86 ஜூலையில் திருச்சியில் ஒரு கல்லூரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. எம்.எஸ்ஸி. தாவரவியலில் இடம். ஹாஸ்டலும் உண்டு. பத்து நாளைக்குள் சம்மதம் எழுத வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகுதான் விண்ணப்பம் போட்டேன், அப்பாவிடம் சொல்லாமல். தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். பத்தாவது நாள் காலை அளவு இரண்டே முக்கால். மாலை மூன்று. குறிப்புப் பத்தியில் நான் எழுதியதை நீ விளையாட்டின் கடைசியில் வைத்திருக்கிறாய்.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். அம்மா இல்லாத வீடு, எட்டு வயதுத் தம்பி, அதனால் அக்கா போகவில்லை. அப்படி எழுதிவிடாதே. மைக்கேல்பட்டி அத்தை, தான் வந்து உங்களோடு இருப்பதாக அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். அப்பாவிடம் கேட்டிருந்தால் போ என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. தெரியாத பெண்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எழுந்து நின்று பேச வேண்டும், நான் சொல்வதை நாலு பேர் கேட்பார்கள். திருச்சி இங்கிருந்து ஒரு மணி நேர பஸ்.

பிறகு பி.எட். முடித்தேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருஷம் முழுவதும் உறவுக்காரர்கள், "தம்பிக்காகத் தன் படிப்பையே விட்டுடுச்சு" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். நான் மறுக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்தப் பெயர் சுலபமாகக் கிடைக்கும். உன் காதிலும் அது விழுந்திருக்கும். என்னால்தானே என்று நீ எப்போதாவது நினைத்திருந்தால், அதை இன்றோடு விட்டுவிடு.

எல்லாவற்றிலும் இப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. யாரும் படிக்காத இடத்தில் மட்டும் எழுதினேன்.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். கேட்டுவிட்டுப் பாலத்துக்குப் போய்விட்டார். ஆற்றில் தண்ணீர்கூட இல்லை. வந்ததும், "திருச்சிக்கு அப்ப பஸ் டிக்கெட் எவ்வளவு தாத்தா" என்று ஜெனிட்டா கேட்க, "நானே கொண்டுபோயி விட்டிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

அக்கா


மாண்ட்ரீல்,
27.4.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பனி முழுவதும் கரைந்து, வீட்டுக்கு எதிரில் புல் தெரிகிறது. ஜெனிட்டா பரீட்சை எப்படி எழுதினாள்?

நினைத்திருக்கிறேன் அக்கா. பத்து வயதிலிருந்து. விட்டுவிட்டேன் என்று இப்போது சொன்னால் பொய். விடப் பார்க்கிறேன்.

கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. இந்தத் தடவை நான் கதை எதுவும் சொல்லவில்லை. பழைய வரிகள் வேண்டாம், புதிதாகத் தொண்ணூறு வரி வேண்டும், அவற்றை எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார், தாவரவியல் படித்த பள்ளிக்கூட ஆசிரியை என்று மட்டும் சொன்னேன். மாதிரிக்குப் பார்க்கலாமா என்றார்கள். நாற்பத்தொரு வார்த்தைகளை ஏற்கனவே பார்த்திருக்கிறீர்கள் என்றேன்.

ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. அப்பா பெயரை எடுத்துவிட்டு உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அப்பா அளவுகளை மட்டும் தன் குரலில் சொல்லட்டும். அது அவருடையது. குறிப்பை உன் குரலில் நீ வாசிக்க வேண்டும். கேட்கிறவர்கள் நாலு பேர் இல்லை, நிறையப் பேர் இருப்பார்கள். அதை மறைக்க விரும்பவில்லை.

ஜூன் முப்பதுக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்றாலும் சரி. அப்போது பழைய விளையாட்டிலிருந்தும் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுகிறேன். நான் போன் செய்து கேட்க மாட்டேன். நீயாக எழுதினால் போதும்.

ஆன்டோ


மரியே வாழ்க

திருக்காட்டுப்பள்ளி,
19.6.2008

அன்புத் தம்பிக்கு,

முழங்காலையும் சேர்த்து எல்லோரும் சுகம். ஜெனிட்டா நானூற்று இருபத்தாறு.

ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தம் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. தினமும் புடவை எடுக்கும்போது கையில் தட்டுப்படும். அத்தான் ஒரு நாள், "அரசி, அது என்ன, பாம்பா? எடுத்து வெளியில வையேன்" என்றார். எடுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்தது. அப்பாவை ரெக்கார்டர் முன்னால் உட்காரவைத்து, ஏதாவது தொண்ணூறு எண்களைச் சொல்லுங்கள் என்றேன். "பாக்காத அளவ எப்புடிச் சொல்றது" என்று எழுந்துவிட்டார். அதனால் இப்போது காலையும் மாலையும் இரண்டு பேரும் ஆற்றுக்குப் போகிறோம். அவர் கல்லைப் பார்த்துச் சொல்கிறார். பிறகு ரெக்கார்டரை என்னிடம் தருகிறார். முதல் நாள் எனக்குக் குரல் வரவில்லை. அப்பா படித்துறையில் உட்கார்ந்து, "ஒண்ணும் அவசரமில்ல. ஆறு எங்கயும் போயிடாது" என்றார். இரண்டாம் நாள் வந்தது. ஆகவே தொண்ணூறு முடியக் குறைந்தது ஒன்றரை மாதம் ஆகும் என்று உன் கம்பெனியிடம் சொல்லிவிடு.

பழைய விளையாட்டில் அந்தக் கடைசி வரி இருக்கட்டும். எடுக்காதே.

கையெழுத்துப் போட்ட தாளும் முதல் நான்கு பதிவும் இத்துடன் இருக்கின்றன. சாட்சிக் கையெழுத்து அத்தானுடையது. ஓரத்தில் இருப்பது கிரீஸ்.

அக்கா,
விண்ணரசி

19.6.2008
காலை: முக்கால் அடி.
மாலை: ஒன்றரை அடி.
குறிப்பு: வீட்டில் பசை இல்லை. உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.